மூன்றாவது அடையாளம்

அப்பாவின் பிறந்தநாளுக்கு இரண்டு அப்பாக்களையும் கூட்டிக்கொண்டு ஹிராயாமாவின் கடைக்குப் போனேன். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இன்னொருவர் அவருடைய சட்டைப் பையில், பேனா செருகும் இடத்தில் இருந்தார்.

"ஏட்டி கோமு, வாசல்ல படி இருக்கு. பாத்துக் கூட்டிட்டுப் போ" என்றார் பையில் இருந்தவர். நடந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்து பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பையில் இருப்பதைப் பிரதி என்று சொல்வார்கள். மறதி நோய் என்று தெரிந்ததும் அப்பா ஒரு மழைக்காலம் முழுக்க அதனோடு பேசினார். தின்றது, படித்தது, சண்டை போட்டது, யார்மேல் என்ன கோபம் என்று எல்லாவற்றையும் கொட்டினார். அதன்பிறகு அது பார்க்கும், கேட்கும், அவர் குரலில் பேசும். அது சொல்வது சட்டப்படி அவர் சொல்வது. நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் நினைவு போனவர்களுக்காகப் பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். பிள்ளைகள் எடுத்த முடிவுகளின் லட்சணம் ஊருக்கே தெரியும்.

ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. பிரதி மாறக் கூடாது. அசல் ஆள் சொல்லவே மாட்டார் என்கிற ஒன்றை அது சொல்லிவிட்டால் சில நொடிகளில் அணைந்துவிடும், திரும்ப வராது. தோக்கியோவில் நாங்கள் இருக்கிற நிஷிகசாயில் தமிழர்கள் நிறைய. எங்கள் தெருவில் ஒரு மாமியாருடைய பிரதி ஒருநாள் மருமகள் வைத்த ரசத்தைப் பிரமாதம் என்று சொல்லிவிட்டது. அத்தோடு அதன் கதை முடிந்தது. மருமகள் அழுதாள் என்று கேள்வி, நான் நம்பவில்லை.

என் கதை வேறு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நான் பேசுவதும் சண்டை போடுவதும் சட்டைப் பையோடுதான். "என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்பது அதுதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்ப்பார், சுவரையும் பார்ப்பார், இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பார். சில நாள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவருடைய சட்டையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

ஹிராயாமாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு நீலத் துணி தொங்கும். உள்ளே ஒரே ஒரு நீளப் பலகை, அதன் இந்தப் பக்கம் எட்டு நாற்காலிகள், அந்தப் பக்கம் அவர். என்னென்ன கிடைக்கும் என்ற அட்டை கிடையாது. 'ஒமகாசே' என்பார்கள். என்ன தருவது, எந்த வரிசையில் தருவது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று அவரிடம் நம்மை ஒப்படைத்துவிட வேண்டும். அவர் ஒரு பிடி சோற்றைக் கையில் உருட்டி, மேலே ஒரு துண்டு மீனை வைத்து அழுத்தி, சோயாச் சாறு தடவி நம் முன்னால் வைப்பார். சூடு ஆறுவதற்குள் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மீன் கடையில் திருநெல்வேலிச் சைவப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்பா இந்த ஊருக்கு வந்த புதிதில் அலுவலகத்தார் விருந்தென்று இங்கே இழுத்துவந்தார்கள். எல்லோரும் மீன் தின்ன, அப்பா தேநீரை மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பலகையில் ஒருவர் வெறும் வயிற்றோடு எழுந்து போவது ஹிராயாமாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "அடுத்த மாதம் வாருங்கள்" என்றார். அடுத்த மாதம் சுட்ட கத்திரிக்காய், காளான், இஞ்சி மொட்டு என்று மீனே இல்லாத முழு விருந்தைத் தயாராக வைத்திருந்தார். அப்பா லேசில் நம்புகிறவரா? இங்கே காய்கறிச் சாற்றிலும் மாசிக்கருவாடு மாதிரி காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் பானையைப் பார்க்க வேண்டும் என்றார். வேறு கடையாக இருந்தால் வெளியே போ என்றிருப்பார்கள். ஹிராயாமா மூடியைத் திறந்து காட்டினார். கடற்பாசியும் காளானும் மட்டும் கிடந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இங்கேதான்.

"வாருங்கள், பிள்ளை-சான்." ஹிராயாமா நடந்து வந்த அப்பாவுக்கு ஒருமுறை குனிந்தார், பிறகு சட்டைப் பைக்கு ஒருமுறை குனிந்தார். "உடம்பு எப்படி இருக்கிறது?"

"உடம்புக்கு ஒன்றும் இல்லை, தைஷோ" என்றது பிரதி, அவர்களுடைய மொழியில். தைஷோ என்பது இந்தக் கடைக்காரர்களை மரியாதையாக அழைக்கிற சொல். "உடம்புக்குள்தான் ஆள் இல்லை."

"அந்த அடையாளங்கள்?"

"இரண்டு நடந்துவிட்டன. ஒன்று மிச்சம்."

ஹிராயாமா என்னைப் பார்த்தார். நான் துண்டால் அப்பாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த அடையாளங்களைப் பற்றி யாராவது பேசினாலே எனக்கு எரிச்சலாக வரும். அவை அப்பா பிரதிக்கு விட்டுச்சென்ற கட்டளை. தன் பெயர் தெரியாமல் போவது, பெற்ற மகளைத் தெரியாமல் போவது, தெரிந்தே விரும்பி மாமிசம் தின்பது. மூன்றும் நடந்துவிட்டால் அது நான் இல்லை, என் பெயரில் வேறு யாரும் மூச்சுவிட வேண்டாம், ஊசியை நிறுத்திவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். நோய் மூளையில் மூச்சை நடத்தும் இடம்வரை போய்விடாமல் தடுப்பது மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசிதான். அது நின்றால் சில வாரங்களில் அவர் போய்விடுவார். அவர் போனால் பிரதியும் அன்றைக்கே அணைந்துவிடும்.

"அதென்னப்பா மூணாவது அடையாளம்? சோத்துலயா மனுஷன் இருக்கான்?" என்று அப்போதே சண்டை போட்டேன்.

"பேரு மறக்கும்டி. பிள்ளை மறக்கும். என் நாக்கு மறக்காது" என்றார். அவருக்கு அதில் அவ்வளவு கர்வம். ஒரு கல்யாண வரவேற்பில் முட்டை கலந்த கேக்கை, முட்டை இல்லை என்று சொல்லி விளையாட்டாகத் தந்த சித்தப்பாவோடு அதன்பிறகு அவர் பேசவே இல்லை. சித்தப்பா சாவுக்கும் போகவில்லை. என் அப்பா நல்லவர், ஆனால் மன்னிக்கத் தெரியாதவர். பிரதியும் அப்படித்தான். சித்தப்பா பெயரை எடுத்தாலே, "சவத்த விடு, வேற பேசு" என்று சொல்லிவிடும்.

ஹிராயாமா முதலில் சுட்ட கத்திரிக்காயை வைத்தார். எடுத்து அப்பாவின் வாயில் வைத்தேன். மென்றார், விழுங்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்து காளான். அதற்கும் ஒன்றும் இல்லை. கொஞ்ச காலமாக அவருக்கு எது கொடுத்தாலும் இப்படித்தான், பாதியில் வாயை மூடிக்கொள்வார். சட்டை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு இளைத்துப்போயிருந்தார். இந்தக் கடை சாப்பாடாவது உள்ளே போகாதா என்றுதான் பிரதியும் நானும் பேசி வைத்து வந்திருந்தோம்.

அப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒகுதா அம்மையார் உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் போலவே பழைய வாடிக்கை. அவர் முன்னால் ஹிராயாமா ஒரு சூரைத் துண்டை வைத்தார். மாதுளை நிறத்தில், மேலே சாறு மினுங்க இருந்தது. அந்த அம்மாள் கையை நீட்டுவதற்குள் அப்பாவின் கை போய்விட்டது. நான் பார்த்தபோது அது அவர் வாய்க்குள் இருந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மெல்ல மென்றார். கன்னம் இரண்டும் அசைந்தன. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"நல்லா இருக்கே" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து அந்தக் குரல்! பையிலிருந்து வரும் குரல் இல்லை. தொண்டையிலிருந்து, கொஞ்சம் கரகரப்போடு, சோற்றுப் பருக்கையோடு வந்த குரல். மீனா, கல்லா என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. ஒகுதா அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"கோமு" என்றது பை. "அது என்ன?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியாம எடுத்துட்டாருப்பா. கத்திரிக்காய்னு நினைச்சிருப்பாரு."

"இரு. அவருகிட்டயே கேக்கேன்." பிரதி குரலைக் கொஞ்சம் உயர்த்தியது. "என்ன சாப்பிட்டிய?"

அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "மீனு" என்றார்.

"மீனுன்னு தெரிஞ்சா எடுத்திய?"

"ஆமா. வாசமா இருந்துச்சு. இன்னொண்ணு வைக்கச் சொல்லுங்க."

நான் இரண்டு கையாலும் சட்டைப் பையை மூடினேன். மூடி என்ன பயன், கேட்டாகிவிட்டது.

"அப்பா, மூணாவது அடையாளம்னு பதியாதீங்க" என்றேன். "எத்தனை மாசமா எதையும் தின்னலை. இன்னைக்குத்தான் வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்காரு. பாத்திய இல்ல, எவ்வளவு சந்தோஷமா இருக்காருன்னு?"

"பாத்தேன். சந்தோஷமாத்தான் இருக்காரு, நல்ல மனுஷனாவும் தெரியுதாரு. ஆனா அது நான் இல்லட்டி. என் சட்டையப் போட்டுட்டு உக்காந்திருக்காரு, அவ்வளவுதான்."

"நீங்க இல்லைன்னா கொன்னுரலாமா?"

"எனக்கு மட்டும் இருக்க ஆசை இல்லைன்னு நினைக்கியா? அவரு போற அன்னைக்கு நானும் போறேன். நல்லா இருந்தப்போ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனேன், கோமு. எனக்கு நான் குடுத்த வார்த்தை. அதக் காப்பாத்தத்தானே என்னய உண்டாக்கினது?"

நான் அழுதுகொண்டிருந்ததை ஹிராயாமா பார்த்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அடுத்த ஊசி கிடையாது என்றும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், தேவைக்கு மேல் நெடுநேரம் துடைத்தார். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து, தலை பலகையில் படும் அளவுக்கு அப்பாவின் சட்டைப் பையை நோக்கிக் குனிந்தார்.

"பிள்ளை-சான், நான் ஒன்றைச் சொல்ல வேண்டும்." கடை முழுவதும் கேட்கும்படி சொன்னார். "இத்தனை வருடமும் உங்களுக்கு வைத்த எல்லாவற்றிலும் காய்ந்த சூரை மீனின் சாறு கலந்திருந்தது. கடற்பாசியை மட்டும் போட்டால் எனக்குத் திருப்தியான ருசி வரவில்லை. நீங்கள் பார்ப்பதற்கென்று வேறு பானை வைத்திருந்தேன். இன்று இவர் புதிதாக எதையும் எடுக்கவில்லை. பழகிய ருசியைத்தான் எடுத்தார். இவர் நாக்கு மாறவில்லை. தவறு என்னுடையது."

ஒகுதா அம்மையார் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். உன் கையை நம்பி வந்திருக்கிறேன் என்று எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இதைவிடக் கேவலமான ஒன்றை அந்தத் தொழிலில் இருப்பவர் சொல்ல முடியாது. முதலில் நானும் நம்பினேன். எழுந்து அந்த ஆளை அறைய வேண்டும் போல இருந்தது. என் அப்பாவை எத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறான் பாவி என்று மனது கொதித்தது.

"பொய் சொல்லுதாரு" என்றது பிரதி, தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"என்னது?"

"பானை ஒண்ணுதான் உண்டு. அந்த அடுப்படில ரெண்டு பானைக்கு இடம் ஏது? பாத்த பானையில இருந்தே என் தட்டுக்கு மோந்து ஊத்துவாரு, நான் பக்கத்துலதான் நிப்பேன். ஒவ்வொரு வருஷமும் நான் கேக்குறதுக்கு முன்னாடியே மூடியைத் தொறந்துருவாரு." குரல் கொஞ்சம் தடுமாறியது. பிரதிக்குக் குரல் தடுமாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "ஏட்டி, ஒருத்தன் எனக்காகத் தன் கடை மானத்தை எல்லாரு முன்னாடியும் தூக்கிப் போட்டுட்டுக் குனிஞ்சு நிக்கான். அவனைப் பாத்து நீ பொய் சொல்லுதேன்னு நான் எப்படிட்டி சொல்லுவேன்?"

"சொல்ல வேண்டாம். அவர் சொன்னது அப்படியே நிக்கட்டும்."

"நிக்கும். யாரும் மறுக்காத வரைக்கும் அவரு வாக்குமூலம் செல்லும். மூணாவது அடையாளம் விழாது, ஊசியும் நிக்காது. ஆனா மீன் சாத்தைக் குடுத்து ஏமாத்தினேன்னு ஒருத்தன் சொன்னா, உங்கப்பா அதுக்கு என்ன சொல்லுவான்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா சொல்லாத வேறு பதிலைச் சொன்னால் அது அணைந்துவிடும். "மூஞ்சில முழிக்காதேன்னு சொல்லுவிய" என்றேன்.

"அதச் சொல்ல எனக்கு வாய் வரலை."

"அப்போ ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா இருங்க. அப்பா, எனக்குப் பேசுறதுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

"குனிஞ்சவன் இன்னும் நிமிரலை, கோமு. பதில் சொல்லாம எவ்வளவு நேரம் நிக்க வைக்க?"

நான் பையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், வேண்டாம் என்று சொன்னது எனக்கே கேட்டது. பிரதி அவர்கள் மொழியில், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி பேசியது. "தைஷோ, நிமிருங்கள். நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். உங்களை மன்னித்துவிட்டேன். இத்தனை வருடமும் உங்கள் கையால் நன்றாகச் சாப்பிட்டேன்."

பிறகு என்னிடம், "கோமு, வீட்டுக்குப் போனதும் மறக்காம" என்றது. அதற்குமேல் வரவில்லை. பையில் தெரிகிற சின்னப் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் எதை மறக்கக் கூடாது? எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடுப்பாக இருக்கலாம், ஜன்னலாக இருக்கலாம். மறுநாள் பிரதியைத் தந்தவர்கள் அனுப்பிய அறிவிப்பில், கடைசியாகப் பேசியது உங்கள் தந்தையின் இயல்பு அல்ல என்று இருந்தது. அவர்களுக்கு என்ன தெரியும்? அத்தனை வருடம் அந்தச் சட்டைப் பையிலிருந்து நான் கேட்டதிலேயே அதுதான் என் அப்பா. சித்தப்பா விஷயத்தில்கூட உள்ளுக்குள் அவருக்கு அப்படி ஒன்று இருந்திருக்கும். வெளியே வராமலே போய்விட்டது.

ஹிராயாமா நிமிர்ந்தார். விளக்கு அணைந்ததைப் பார்த்தார். தான் எதைக் காப்பாற்றப்போய் எதை அணைத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. துணியை எடுத்துப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

ஒகுதா அம்மையார் என் பக்கம் திரும்பினார். "இவர் சொன்னது உண்மையா?" என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. பொய் என்று நான் சொல்ல மாட்டேனா என்கிற ஆசை அந்த முகத்தில் இருந்தது. அவருக்கும் அது பல வருடப் பழக்கம்.

நான் ஹிராயாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனிதரின் மானம் திரும்ப வரும். அதே வார்த்தையால் அப்பாவின் ஊசி நிற்கும்.

"உண்மைதான்" என்றேன்.

அந்த அம்மாள் மடியிலிருந்த துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். ஹிராயாமாவுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, நீலத் துணியை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். ஒவ்வொருவர் முதுகுக்கும் ஹிராயாமா குனிந்தார். கடைசி ஆள் போனபிறகு குழாயைத் திறந்து கையைக் கழுவினார். சோற்றை எடுத்து உருட்டி, சூரைத் துண்டை வைத்து அழுத்தி, சாறு தடவி அப்பாவின் முன்னால் வைத்தார்.

இனி மாதாமாதம் ஊசி போடுவதா வேண்டாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன உயிரை, அவருக்குத் தெரியாமல் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். யாரிடம் கேட்பது? என் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. "அப்பா" என்றேன். இன்னொருமுறை, "அப்பா" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாரைத் தேடுதிய?" என்றார். முன்பின் தெரியாத பெண்களிடம் அவர் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசுவார்.

"எங்கப்பாவை" என்றேன்.

"இங்கனதான் எங்கயாவது போயிருப்பாரு, வந்துருவாரு. அழாதிய." தன் முன்னால் இருந்த சூரைத் துண்டைப் பார்த்தார். எடுக்கப்போனவர், கையை நிறுத்தி, அதை மெல்ல என் பக்கம் நகர்த்தினார். "அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க. ரொம்ப நல்லா இருக்கு."

பிறந்ததிலிருந்து நான் மீனைத் தொட்டதில்லை. கையில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் மென்று முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன்.